கட்டைவிரல் அளவு

விடிவதற்கு முன்பே தம்பியின் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, அவனுடைய தலைக்கவசத்தை முகம் தெரியாமல் இறக்கிவிட்டு, அவனுடைய மோட்டாரை நான்தான் வெளியே எடுப்பேன். எங்கள் ஊரில் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள். ஜொகூரின் தம்போயில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளில் அந்த நேரத்துக்கு வீட்டுக்கு ஒரு மோட்டாராவது உறுமும். எல்லாம் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவை. அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டுச் சத்தமும் கேட்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. தம்பி சிறையில் இருந்தான். அக்கம்பக்கத்தைப் பொறுத்தவரை அவன் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பாலத்தின் பக்கமே போகவில்லை. எனக்கு வேலை தெப்ராவில், மின்னணுப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். வேலை தொடங்க வெகுநேரம் இருக்கும்போதே போய், ஜாக்கெட்டைச் சுருட்டிப் பையில் திணித்துவிட்டு, திறக்காத கேண்டீன் வாசலில் தூங்கி வழிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் மறுபடி அதே வேடம். மோட்டாரை முன்வாசலில் நிறுத்தி உள்ளே போவது தம்பி. சற்று நேரம் கழித்துப் பின்சந்து வழியாக வெளியேறி, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வருவது நான். ஒரே நாளில் இரண்டு ஆளாக வீடு திரும்பிய பெண் ஜொகூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காலையில் நான் போவதை ஏன் யாரும் பார்ப்பதில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண்பிள்ளை வேலைக்குப் போவதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்?

இந்தப் பொய்க்கு முதலில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. பிடிபடும் வரை தம்பி நிஜமாகவே சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தவன்தான். ஒரு வார இறுதியில் கூட்டாளியின் வாடகை வீட்டில் இருந்தபோது போலீஸ் புகுந்தது. போதைப்பொருள் வழக்கு. அவன் ஒன்றும் அறியாத பாலகன் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் போனான். அதற்காக இன்று வரை அவன்மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவனைக் கொண்டுபோனவர்கள் எங்களையும் சேர்த்துத்தான் கொண்டுபோனார்கள் என்பதை எந்தத் தீர்ப்பிலும் எழுதவில்லை.

வீட்டைச் சோதனை போட வந்தவர்கள் முன் கிரில்லின் பூட்டை அறுத்துத் திறந்தார்கள். அதன் பிறகு அம்மா இரண்டு பூட்டு போட்டார். பிறகு பகலிலும் போட்டார். பிறகு எனக்கும் என் வேடத்துக்கும் தவிர முன்கதவையே திறப்பதை விட்டார். துணி காயப்போடுவது, மீன்காரரிடம் பேசுவது, எல்லாம் பின்சந்துதான். வாசலில் ஏதாவது வண்டி நின்றால் அடுப்பை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்பா இறந்தபோதுகூட அப்படி ஒடுங்காதவர். எனக்குத் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் வந்தது. பல் டாக்டர், "வேலையில ரொம்ப டென்ஷனா?" என்று கேட்டார். ஆமாம், வேலையில்தான் என்றேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் வரிசையிலேயே வேறு சில வீடுகளிலும் பையன்கள் இப்படிக் காணாமல் போயிருந்தார்கள். ஒருவன் மலாக்காவில் படிக்கிறான் என்றார்கள். இன்னொருவன் கப்பலில் இருக்கிறான். அந்தக் கப்பல் எந்தக் கரைக்கும் வந்ததாகத் தெரியவில்லை. நாங்கள் அவர்கள் சொன்னதை நம்பினோம், அவர்கள் நாங்கள் சொன்னதை நம்பினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு மாப்பிள்ளை வந்தார். பெர்மாஸ் ஜெயாவில் வீடு. மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை. முதல் தடவை பேசியபோதே, "ஊருல எல்லா லிஃப்ட்டும் என்னைக்காவது நிக்கும். நான் மட்டும் நிக்கவே முடியாது," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாளாக என் வாயைத் திறந்து சிரிக்கவைத்த ஆளை நான் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிடித்த உடனேயே பயமும் வந்துவிட்டது.

பெண் பார்க்க அவர் தன் அம்மாவுடன் வந்தார். அவர் அம்மா வெள்ளைப் பருத்திச் சேலையில், நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர். மூத்த மகன் ஆஸ்திரேலியாவில் பழத்தோட்டத்தில் வேலை என்றார். எங்கள் அம்மா உடனே, "எங்க பையன் சிங்கப்பூர்ல. வேல ஜாஸ்தி. பாதி நாள் அங்கயே தங்கிடுவான்," என்றார். இரண்டு அம்மாக்களும் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டார்கள்.

பேச்சு கல்யாணச் சடங்குகளுக்குப் போனது. எங்களில் மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்பவன் பெண்ணின் தம்பி. அதற்குப் பதிலாக மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். மாலை, மேளம் எல்லாம் அதற்குப் பிறகுதான். பெரியவர்கள் எதை விட்டாலும் இதை விட மாட்டார்கள்.

"மச்சான் மோதிரம் நாங்கதானே செய்யணும்," என்றார் அவர் அம்மா. "தம்பியோட விரல் அளவு மட்டும் சொல்லிடுங்க."

"அதுக்கென்ன சம்பந்தி, அவன் வந்ததும் எடுத்துக் குடுக்கறேன்," என்றார் எங்கள் அம்மா. சொன்ன கையோடு பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய், வெகுநேரம் வெளியே வரவில்லை.

அவர்கள் போன பிறகு நான் சண்டை போட்டேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன்.

"சொல்லு. சொல்லிட்டு இந்த ரெண்டு பூட்டுக்கு நடுவுல என்கூடவே கெட," என்றார் அம்மா. "அவன்தான் உள்ள போயிட்டான். நீயாவது வெளிய போ புள்ள."

அதற்கு மேல் என்ன பேசுவது? அம்மா என்னை வெளியே அனுப்பத்தான் பொய் சொன்னார். அந்தப் பொய்யாலேயே நான் எங்கும் நகர முடியாமல் நின்றேன். சொன்னால் கல்யாணம் போகும். சொல்லாமல் கட்டிக்கொண்டால் ஆயுசு முழுக்க அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து அவர் என்னைத் தேநீர் குடிக்கக் கூட்டிப்போனபோது சொல்லிவிடத்தான் துணிந்தேன். "தம்பியப் பத்தி ஒன்னு சொல்லணும்," என்று ஆரம்பித்தேன். அவர் முகம் ஏனோ சட்டென்று இறுகியது. "குடும்ப விஷயமெல்லாம் மெல்லப் பேசிக்கலாம் லா," என்று ரொட்டி சானாயைப் பிய்க்கத் தொடங்கிவிட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

விரல் அளவுக்காகத் தம்பியைப் பார்க்கச் சிறைக்குப் போனேன். முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். முழங்கை மூடிய சட்டை, மூடிய காலணி. கைப்பேசி, பை எல்லாவற்றையும் வெளியே பெட்டியில் பூட்டிவிட்டு, நெகிழி நாற்காலிகள் போட்ட கூடத்தில் காத்திருக்க வேண்டும். எனக்கு அந்தக் கூடம் பிடிக்கும் என்றால் சிரிப்பீர்கள். அங்கே மட்டும்தான் நான் யாருக்கும் பொய் சொல்லத் தேவையில்லை. கைக்குழந்தையோடு ஒரு மலாய்ப் பெண், செய்தித்தாளை விசிறியாக மடித்துக்கொண்டு ஒரு சீனப் பெரியவர், பிறகு நம் ஆட்கள், எப்போது போனாலும் நம் ஆட்கள் நிறையவே. ஒருவரை ஒருவர் எதுவும் கேட்டுக்கொள்ள மாட்டோம்.

அன்று எங்கள் முறை வந்து பெயர்களைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். முன்வரிசையிலிருந்து ஒரு வெள்ளைப் பருத்திச் சேலையும் எழுந்தது.

அவர் திரும்பினார். நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். ஓடிவிடலாம் என்றால் கதவு பூட்டியிருந்தது. அவர் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, தெரியாத ஆளைக் கடந்து போவதுபோல முன்னே நடந்தார். பழத்தோட்டம் அங்கே இருந்தது.

காவலர் எங்களை வரிசையாக உட்காரவைத்தார். எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். நடுவில் ஒரு மெல்லிய பலகை மட்டும். எதிரே கண்ணாடி, இந்தப் பக்கம் ஒரு தொலைபேசி, அந்தப் பக்கம் ஒன்று. கண்ணாடியில் எனக்கு முன்னால் வந்தவர்களின் கைத்தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருந்தன. யாரும் அதைத் துடைத்ததில்லை. அவருடைய மகன் முதலில் வந்தான். பலகைக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. "தம்பிக்குக் கல்யாணம்யா," என்றார். அவ்வளவுதான்.

என் தம்பி வந்து உட்கார்ந்தான். மொட்டைத் தலை, பெரிய காது. சின்ன வயதில் பேன் தொல்லைக்கு மொட்டை அடித்தபோது இருந்த அதே முகம். நான் எவ்வளவு தாழ்ந்து பேசினாலும் பக்கத்தில் கேட்கும். பேசாமல் போகவும் முடியாது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்குக் கல்யாணம்டா," என்றேன்.

அவன் சிரித்தான். பிறகு கேட்டான்: "என்னப் பத்தி என்னக்கா சொல்லியிருக்கீங்க?"

"சிங்கப்பூர்ல இருக்கான்னு."

"அலமாக்! இன்னுமா? நல்ல சம்பளமா எனக்கு?"

"வாயில போட்டுருவேன். உன் மோட்டார நாந்தான்டா தினம் ஓட்டறேன், உன் ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு. நாத்தம் தாங்கல. நீ உள்ள ஜாலியா தூங்கற, நாங்க வெளிய உன்னோட தண்டனைய அனுபவிச்சிக்கிட்டிருக்கோம்."

சொல்லிய பிறகு சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே, "அப்ப கால் யாரு கழுவறது?" என்றான்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தன் விடுதலை எப்போது என்று கேட்காமல் அதைக் கேட்டான். "சித்தப்பா மகன் கழுவுவான். மோதிரம் மட்டும் உனக்குத்தான். விரல காட்டு," என்றேன்.

அவன் மோதிர விரலைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினான். நான் என் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எதுவும் சேரவில்லை. கடைசியில் அவனே, "கட்டவெரல வைக்கா," என்றான். வைத்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் கட்டைவிரல், அந்தப் பக்கம் அவன் மோதிர விரல். ஒன்று மற்றதை அப்படியே மறைத்தது.

"ஒரே அளவுக்கா," என்றான். "உன் கட்டவெரலுக்கு என்ன அளவோ, அதான்."

"என் கட்டவெரல் அளவுதானா?" என்று பக்கத்தில் ஆள் இருப்பதை மறந்து சத்தமாகவே கேட்டேன்.

அவன் ஏதோ சொல்ல மறுபடி வாயைத் திறந்தான். தொலைபேசி செத்துவிட்டது. நேரம் முடிந்தால் அப்படித்தான், வாக்கியம் முடியும்வரை காத்திருக்க மாட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

அதன் பிறகு வந்த நாட்களில் பயந்ததுபோல நான் எப்போதும் பயந்ததில்லை. கைப்பேசி அடித்தாலே, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எடுக்கத் தயங்குவேன். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அம்மா பந்தல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார், பூக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார், ஒரு மாதிரி சந்தோஷமாகக்கூட இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் பாவமாகவும் இருந்தது. மாப்பிள்ளை அம்மாவின் மகனுக்கும் என் தம்பிக்கும் ஒரே கூரை என்றால் இருவரும் சமம்தானே என்று நீங்கள் கேட்கலாம். இந்த விஷயத்தில் அப்படிச் சமம் பார்க்க மாட்டார்கள். தன் வீட்டில் ஒன்று இருப்பதால்தான் இன்னொன்று சேரக் கூடாது என்று நினைப்பார்கள். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானே அப்படி நினைத்திருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்தார். கையில் நகைக்கடையிலிருந்து இரவல் வாங்கிய அளவு வளையங்கள், சாவிக்கொத்துபோலக் கோத்தது. எனக்குக் கல்யாண மோதிரம் செய்ய அளவு எடுக்க வேண்டுமாம்.

அம்மா இரண்டு பூட்டையும் திறந்து உட்காரவைத்துவிட்டுத் தேநீர் போடப் போனார். அவர் என் கையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு மோதிர விரலுக்கு அளவு பார்த்தார். ஒரு வளையம் சரியாக உட்கார்ந்தது. எண்ணைப் பார்த்துக்கொண்டார். கையை விடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. என் கட்டைவிரலைப் பிடித்து, பெரிய வளையங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்.

அம்மா தேநீரோடு வந்தார். "கட்டவெரலுக்கு எதுக்கு சம்பந்தி?"

"சும்மாதான், பாத்து வைக்கறேன்," என்றார் அவர். சரியான வளையம் கிடைத்ததும் அதன் எண்ணையும் பார்த்துக்கொண்டார். "தம்பி அளவு இனிமே நீங்க தேட வேணாம் சம்பந்தி. நான் பாத்துக்கறேன்."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அவர் காலில் விழ வேண்டும்போல இருந்தது. விழுந்தால் ஏன் என்று அம்மா கேட்பார். தேநீரை எடுத்துக் கொடுத்தேன். அவர் என் கண்ணைப் பார்க்காமலே குடித்தார்.

கல்யாணம் நடந்தது. தம்பி ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, "ஆலைய மூடி ரிப்பேர் பாக்கறாங்க, யாருக்கும் லீவு இல்ல," என்றார். மண்டப வாசலில் நின்று பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரின் கட்டடங்கள் தெரியும். அக்காள் கல்யாணத்துக்கு அங்கிருந்து இங்கே வர முடியாதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதவர்களில் எத்தனை பேர் வீட்டில் கப்பல் ஓடிக்கொண்டிருந்ததோ. சித்தப்பா மகன் மாப்பிள்ளையின் காலைக் கழுவினான். அவன் குண்டன். மாப்பிள்ளை போட்ட மோதிரம் பாதி விரலிலேயே நின்றுவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு மணமகள் அறையில் அத்தை, இனி அவர் எனக்கு அத்தை, கதவைச் சாத்திவிட்டு அந்த மோதிரத்தை என் கட்டைவிரலில் போட்டார். கச்சிதமாக இருந்தது. "அந்தப் புள்ள வர்ற வரைக்கும் உங்கிட்ட இருக்கட்டும்," என்றார். எங்கிருந்து வரும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. அவர் மூத்த மகனும் அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை.

பெர்மாஸ் ஜெயா வீட்டில் குடியேறிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் ஒரு பொய்யிலிருந்து இன்னொரு பொய்க்குக் கல்யாணம் செய்துகொண்டு வந்திருந்தேன். காலையில் அத்தை எனக்குத் தோசை வார்த்துத் தருவார். கூடத்துச் சுவரில் மூத்தவர் படம் மாட்டியிருக்கும். யாராவது வந்தால் அத்தை ஆஸ்திரேலியாவின் குளிரைப் பற்றிப் பேசுவார், என் கணவர் தலையை ஆட்டுவார், நான் பலகாரத் தட்டை நீட்டுவேன். மாதத்தில் ஒரு நாள் அத்தை கோயிலுக்கு என்று கிளம்புவார். வேறொரு நாள் நான் அம்மா வீட்டுக்கு என்று கிளம்புவேன். ஒருவர் போகும் நாளில் மற்றவர் போகாமல் பார்த்துக்கொண்டோம். ராத்திரி என் கணவர் பக்கத்தில் படுத்துப் பல்லைக் கடிப்பேன்.

ஒரு நாள் நானும் கணவரும் தம்போய்க்கு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தோம். நான் போன பிறகு மோட்டார் ஓட்ட ஆள் இல்லாமல், வாசலில் தார்ப்பாய் மூடி நின்றது. தார்ப்பாயின்மேல் காய்ந்த இலைகள் கிடந்தன. அவர் அதை ஒரு பார்வை பார்த்தார். அம்மா கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டார். பூட்டு ஒவ்வொன்றாகத் திறக்கும்வரை பொறுமையாக நின்று விடைபெற்றார்.

திரும்பும் வழியில் தெப்ராவ் சாலையில் ஒரே ஜாம். வண்டி நகரவே இல்லை. அவர் ஸ்டீயரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"மச்சானோட மோட்டார் வீட்டுல நிக்குது. அவரு எதுல வேலைக்குப் போறாரு?"

நான் கட்டைவிரல் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"சிங்கப்பூர்ல எந்தப் பக்கம் இருக்காரு? ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வரலாமே."

அவர் குரலில் குத்தல் இல்லை. பயம்தான் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். எத்தனையோ விதமாகச் சொல்ல ஒத்திகை பார்த்திருந்தேன். அழுதுகொண்டே சொல்வதாக, காலைப் பிடித்துக்கொண்டு சொல்வதாக. கடைசியில் வாயில் வந்தது வேறு.

"உங்க அண்ணன் ஆஸ்திரேலியாவுல எந்தப் பக்கம் இருக்காங்களோ," என்றேன், "அதே பக்கந்தான்."

அவர் தட்டுவது நின்றது. முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்தன, நாங்கள் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் மெல்ல வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். என் கையை எடுத்து, கட்டைவிரலில் இருந்த மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மனதில் என்னென்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. முதல் தடவை அவர் முன்னால் எனக்கு மறைக்க எதுவும் இல்லை. அது இவ்வளவு பயமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

மோதிரத்தை விடாமலே அவர் கேட்டார்: "அங்க அந்தக் கண்ணாடி இன்னும் அப்படித்தான் இருக்கா? கை கையா?"

"இப்ப தொடைக்கறாங்க," என்றேன். "நம்ம பக்கம் மட்டும்."